சாத்தி வைத்த சைக்கிள்



வீட்டுக் கோடிப்புறத்தில் சாத்தி வைத்த ஒரு பழைய சைக்கிள் இல்லாத வீடு எங்கள் பகுதியில் குறைவு. முன்சில்லில் காற்று இல்லை. செயினில் துரு. சீற்றின் மேல் யாரோ காயப்போட்ட சாக்கு. அதைக் காணும்போதெல்லாம் வீட்டுக்காரர் ஒரு வசனம் சொல்வார்: “இதைத் திருத்தி ஓட வேண்டும், இல்லாவிட்டால் விற்றுவிட வேண்டும்.” சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விடுவார். இப்படியே வருடங்கள் கழிந்துவிடுகின்றன.

இதில் ஒழுக்கவியல் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கொலையா, களவா, பொய்ச்சாட்சியா? ஒன்றுமில்லைத்தான். ஆயினும் பெரிய சொத்துக்களைப் பற்றி நியாயம் பேசுவது எவருக்கும் இலகு, ஏனெனில் அவை பெரும்பாலும் பிறருடைய சொத்துக்கள். சொந்தக் கோடிப்புறத்தில் நிற்கும் ஒரு பொருளைப் பற்றி நேர்மையாக யோசிப்பதுதான் கடினம்.

கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்ரோட்டில், ‘அரசியல்’ என்னும் நூலின் முதற் பாகத்தில் ஒரு பாதரட்சையை உதாரணமாகக் காட்டுகிறார். எந்தப் பொருளுக்கும் இரண்டு பயன் உண்டு. பாதரட்சையைக் காலில் போடலாம். கொடுத்து வேறொன்றை மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். இரண்டும் பாதரட்சையின் பயன்களே. ஆனால் முன்னையதே அதற்கு உரிய பயன். மாற்றிக்கொள்வதற்காக எவரும் பாதரட்சை தைப்பதில்லை. சைக்கிளின் கதையும் இதுவே. ஓடுபவன் அதன் உரிய பயனைப் பெறுகிறான். விற்பவனும், வாங்குகிறவன் ஓடுவானாயின், அதே பயனுக்குத்தான் அதை அனுப்பி வைக்கிறான். இவற்றைவிட மூன்றாவது வழி ஒன்று இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம்: பிறகு பார்ப்போம் என்பது. அது முடிவைத் தள்ளிப்போடுவது போலத் தோன்றும். உண்மையில் அதுவும் ஒரு முடிவுதான். சைக்கிளைத் துருவுக்குக் கொடுப்பதென்ற முடிவு.

4ஆம் நூற்றாண்டில் செசாரியாவின் ஆயராயிருந்த புனித பசிலியார், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனின் உவமையை விளக்கும்போது, பெட்டியில் மடித்து வைத்த ஆடையும் மூலையில் உக்கிப்போகும் பாதரட்சையும் அவை இல்லாதவனுக்கே உரியவை என்று கடுமையாகச் சொன்னார். 13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் அதைச் சற்று நிதானமாக வகுத்தார். பொருளைத் தேடவும் பராமரிக்கவும் பங்கிடவும் தனிமனிதனுக்கு உரிமை உண்டு. ஆனால் அதன் பயன் தனக்கு மாத்திரமே என்று அவன் எண்ணலாகாது. இதை அவர் எழுதிய பெருநூலின் பெயர் இலத்தீனில் ‘சும்மா’ என்று தொடங்கும். தொகுப்பு என்பது பொருள். எங்கள் காதுக்கு அது வேறு மாதிரிக் கேட்பதால் குருமடத்து மாணவர் சிரிப்பதுண்டு. சும்மா நிற்கும் சைக்கிளைப் பற்றிச் சிந்திக்க அந்தச் சும்மாவில் நிறையவே இருக்கிறது.

முதலில், ஓடுவது என்ற தீர்மானத்தைப் பார்ப்போம். ஓடப் போகிறவர் யார் என்பதை வீட்டுக்காரர் தம்மையே கேட்க வேண்டும். இன்றைக்கு இருக்கும் அவரா, அல்லது அதிகாலையில் எழுந்து, வயிறு குறைந்து, சந்தைக்குச் சைக்கிளில் போய்வரும் ஒருவராகத் தாம் கற்பனை செய்து வைத்திருக்கும் மனிதரா? அந்தக் கற்பனை மனிதருக்காகவே எத்தனையோ பொருட்கள் எங்கள் வீடுகளில் இடம் பிடித்து நிற்கின்றன. அவர் ஒருநாளும் வருவதில்லை. ஆகவே இதை யோசித்துத் தீர்க்க முயலாதீர்கள். திருத்தி, இரண்டு கிழமை ஓடிப் பாருங்கள். சைக்கிள் ஓடாமலே நின்றாலும் ரயர் வெடித்துப்போகும். வெயிலும் காற்றும் றப்பரை வறட்டிவிடும். பிறேக் கட்டை இறுகிவிடும். சில்லுகளின் அச்சில் கிறீஸ் காய்ந்து கட்டிபட்டிருக்கும். இவற்றையெல்லாம் மாற்றுவதற்குக் காசு கொடுக்க மனம் வரவில்லையென்றால், கேள்விக்கு அப்போதே பாதி விடை கிடைத்துவிடும்.

ஓடுவதற்குத் தடையாயிருப்பது பல வேளைகளில் சைக்கிளன்று, கௌரவம். மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் ஒருநாள் சைக்கிளில் வந்தால், “என்ன, ஏதும் கஷ்டமோ?” என்று விசாரிக்கும் ஊர் எங்களுடையது. முன்னர் குருவாகப் பணியாற்றிய இவான் இல்லிச் என்னும் சிந்தனையாளர், 1970களில் எரிசக்தியையும் சமத்துவத்தையும் பற்றி எழுதிய சிறு நூலில், சைக்கிளில் போகும் மனிதன் நடப்பவனைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாகவும், மிகக் குறைந்த சக்தியைச் செலவழித்தும் போகிறான் என்று கணக்குக் காட்டினார். பிறருடைய வழியையும் நேரத்தையும் அவன் பறித்துக்கொள்வதில்லை என்பதும் அவர் கருத்து. கஷ்டமோ என்று கேட்பவருக்கு இதை ஒப்புவிக்கத் தேவையில்லை. மணியை அடித்துக்கொண்டு போய்விடலாம்.

இனி விற்பது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2022 ஜூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்று அரசு அறிவித்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சைக்கிளின் விலை கிழமைக்குக் கிழமை ஏறியது. கோடிப்புறத்தில் நின்றவற்றையும் ஆட்கள் தேடி வந்தார்கள். அப்போது ஒருவர், வருடக்கணக்காகத் தொடாத சைக்கிளுக்கு வாயில் வந்த விலையைக் கேட்டு வாங்கியிருந்தால், அது நியாயமா? வாங்கியவன் சம்மதித்துத்தானே கொடுத்தான் என்பீர்கள்.

தோமஸ் அக்குவினாஸ் இக்கேள்வியை நேராகவே எடுத்துக்கொள்கிறார். ஒரு பொருள் வாங்குபவனுக்கு மிகவும் தேவைப்படுகிறது, விற்பவனுக்கும் அதை இழப்பதால் நட்டம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். அப்போது விற்பவன் தன் நட்டத்தையும் விலையில் சேர்த்துக் கேட்கலாம். விற்பவனுக்கு நட்டமே இல்லை, வாங்குபவனின் தேவை மாத்திரமே பெரிது என்றால், அந்தத் தேவையைக் காட்டி விலையைக் கூட்ட முடியாது. ஏனெனில் அவனுடைய தேவை இவனுக்குச் சொந்தமானதன்று; தனக்குச் சொந்தமில்லாததை ஒருவன் விற்கலாகாது. இதைவிடக் கூர்மையாக இவ்விடயத்தை எவரும் சொன்னதாக நான் காணவில்லை. நாட்கூலிக்குப் போகிறவன் வேலைத்தலத்துக்கு ஏழு மைல் போக வழியில்லாமல் உங்கள் படலையில் வந்து நிற்கிறான். நீங்கள் விற்பது ஓடாத சைக்கிளை. விலை போடுவது அவனுடைய ஏழு மைலுக்கு. சந்தை விலை என்ற சொல் இதை மறைத்துவிடுகிறது.

விற்பவனுக்கு இன்னொரு கடமையும் உண்டு. பொருளில் மறைந்திருக்கும் குறையைச் சொல்லிவிட வேண்டும். விசேடமாக, அது உயிருக்கு ஆபத்தானால். பெயின்ற் அடித்து மினுக்கிய முன் போர்க்கில் பழைய வெடிப்பு ஒன்று இருந்தால், வாங்குபவன் அதைக் கண்டுபிடிக்கட்டும் என்று விட முடியாது. அதை ஓடப்போவது அவனுடைய பிள்ளையாக இருக்கலாம்.

பழைய இரும்புக்காரனிடம் நிறுத்துக் கொடுப்பது விற்பனையில் சேராது என்பேன். அந்தக் காலத்து ராலி ஒன்று ஏறக்குறைய 20 கிலோ நிறை வரும். நொட்டிங்ஹம் நகரில் செய்து, கப்பலில் வந்து, ஒரு குடும்பத்தையே சுமந்த வண்டி, இருபது கிலோ இரும்பாகிவிடுகிறது. வளைந்து நொறுங்கியதை அப்படிக் கொடுக்கலாம். ஓடக்கூடியதைக் கொடுப்பது வீண். தானம் செய்வோருக்கும் ஒரு வார்த்தை. சில்லும் ரயரும் போன சைக்கிளை ஓர் ஏழைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத் திருப்திப்படுகிறவர், திருத்தும் செலவைத்தான் அந்தப் பிள்ளையின் தாய்க்குக் கொடுத்திருக்கிறார். கொடுப்பதானால் காற்றடித்துக் கொடுங்கள்.

ஆனால், “இது ஐயாவின் சைக்கிள்” என்று சிலர் சொல்வார்கள். அவர்களிடம் அரிஸ்ரோட்டிலை எடுத்துக்கொண்டு போக எனக்குத் துணிவில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, எங்கள் வாழ்வு முழுவதும் சைக்கிளில்தான் நடந்தது. விறகும் மீன்பெட்டியும் நோயாளியும் அதன் கரியரில் போனார்கள். மின்சாரமில்லாத இரவுகளில் சில்லைச் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலி கேட்டோம். 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள் வலிகாமம் முழுவதும் எழுந்து நாவற்குழிப் பக்கமாக நகர்ந்தபோது, சைக்கிளில் ஏறி ஓட இடமில்லை. ஹாண்டிலில் பைகளும் கரியரில் வயோதிபத் தாயுமாக உருட்டிக்கொண்டே போனார்கள். 2009இல் வன்னிக் கரையில் அந்தச் சைக்கிள்களும் குவியல் குவியலாகக் கைவிடப்பட்டன. எல்லாவற்றையும் விட்டுவந்த ஒருவரிடம் மிஞ்சியது அந்த ஒரு சைக்கிளென்றால், அவர் அதை ஓடாமலும் விற்காமலும் வைத்திருக்கட்டும். நினைவும் ஒரு பயன்தான். அக்குவினாஸ் சொன்ன நட்டம் அங்கே நிச்சயமாக உண்டு. எந்த விலையும் அதை ஈடுசெய்யாது.

அப்படியானால் ஒன்றுதான் கேட்பேன். நினைவுப் பொருள் ஏன் மழையில் நிற்கிறது? ஐயாவின் படத்துக்கு மாலை போடுகிற வீட்டில் ஐயாவின் சைக்கிளுக்கு மேல் ஈரச் சாக்கு கிடக்கிறது. நினைவு என்று வாயால் சொல்லி, சோம்பலைத்தான் பேணுகிறோமோ என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய நெடுநேரம் ஆகாது. ஒரு போத்தல் எண்ணெயும் ஒரு பழந்துணியும் போதும்.

கடைசியாக, விற்க முடிவுசெய்தவர்கள் அநேகமாக மறந்துவிடும் ஒன்று. தகப்பன் காலமான பின் அந்தச் சைக்கிள் வீட்டில் இருப்பவருக்கு மாத்திரம் சொந்தமன்று. ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சி முன் பாரில் இருந்து பள்ளிக்கூடம் போனவள். பாரிசில் இருக்கும் தம்பி குரங்குப் பெடல் போட்டு ஓடப் பழகியதும் அதிலேதான். நாளாந்தம் அவர்களோடு தொலைபேசியில் கதைக்கிறீர்கள். கறி என்ன என்பதுவரை விசாரிக்கிறீர்கள். இதையும் ஒருமுறை கேளுங்கள். அவர்கள் விற்கச் சொல்லலாம், தங்கள் பங்கையும் தானமாகக் கொடுக்கச் சொல்லலாம், தை மாதம் வரும்போது தாங்களே ஓட வேண்டும் என்றும் சொல்லலாம். மறுமொழி வரும்வரை சாக்கை எடுத்துவிட்டு, சைக்கிளை விறாந்தைக்குள் ஏற்றி வையுங்கள்.