இயற்கையும் இறையாணையும்



ஞாயிறு தவறாது எழுதலும், பருவமழை பொழிதலும், வித்து முளைத்தலும் ஓர் ஒழுங்கிற் பிறழாது நிகழ்தற்குக் காரணம் யாது என்னும் வினா மிகப் பழையது. அவ்வொழுங்கு ஓர் ஆணை என்பதே முன்னையோர் பலரும் கூறிய விடை. ஆணை என்றவுடன் ஆணையிடுவோனும், மீறுவோனும், தண்டமும் உடன் நினைக்கப்படும். ஈண்டே இடர் தோன்றுகின்றது. கடல் பொங்கி ஊரை அழிக்குமாயின் அது தண்டமோ? தண்டமாயின் எவர் குற்றத்திற்கு?

இவ்வினா எமக்கு ஏட்டிலிருந்து வந்ததன்று. 2004-ஆம் ஆண்டு மார்கழி மாதம் 26-ஆந் திகதி ஆழிப்பேரலை எழுந்தபின், வடமராட்சிக் கரையிலிருந்து பெயர்ந்தோர் தங்கியிருந்த ஒரு பாடசாலைக்கு, மாணவர் சிலரோடு சோற்றுப்பொதி கொண்டு சென்றோம். அங்கே நன்கு கற்றவரொருவர், உயிர்களைக் கொன்று பிழைப்போருக்குக் கடலே கூற்றாயிற்று எனப் பிரசங்கித்துக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளையை இழந்த முதியவரொருவர் எம் முகத்தை நோக்கி, “எங்கட பாவந்தானோ, மாஸ்டர்?” என்றார். “சோறு ஆறுது, சாப்பிடுங்கோ ஐயா” என்றோமன்றி வேறொன்றுஞ் சொல்லிலேம். பிரசங்கித்தவர் எம்மின் மூத்தவர், எம் சமயத்தவர். அவர்முன் மறுத்துரைக்க நா எழவில்லை. அந்நாணம் இன்றுந் தீர்ந்தபாடில்லை.

யாம் இளமையிற் கற்றது மிஷன் பாடசாலையில். வேதபாட வகுப்பிலே, பவுல் என்பார் அத்தேனே நகரில் எப்பிக்கூரரையும் ஸ்தோயிக்கரையும் எதிர்ப்பட்ட வரலாறு வந்தது. இவர்கள் யாவர் என்று வினவினோம். “அஞ்ஞானிகள்” என்ற ஒரு சொல்லோடு ஆசிரியர் அப்பாற் சென்றார். அப்பிரசங்கத்திற் பவுல் மேற்கோளாக எடுத்தாண்டதே விண்மீன்களைப் பாடிய ஆராத்து என்னும் யவனப்புலவர் வாக்கு என்பதை அவர் சொன்னாரல்லர். அவ்வஞ்ஞானிகளின் நூல்களைப் பிற்காலத்தில் ஆங்கிலத்திற் பயின்றபொழுதே, எம்மை வருத்திய வினா அவர்களாலும் ஆராயப்பட்டதென்று அறிந்தோம்.

கி.மு. 300 அளவில், சைப்பிரசுத் தீவினரான சீனோ அத்தேனே நகரத்து ஓவிய மண்டபமொன்றிலிருந்து போதித்தார். மண்டபத்தார் என்னும் பொருள்படவே அவர்வழியினர் ஸ்தோயிக்கர் எனப்பட்டனர். உலகெங்கும் ஊடுருவி நின்று அதனை நடத்தும் அறிவொன்று உண்டு. அதுவே இயற்கை, அதுவே இறை, அதுவே விதி என்பது அவர் கொள்கை. விண்மீனை நடத்தும் அவ்வறிவின் ஒரு பொறி மனிதனுள்ளத்தும் இருத்தலின், இயற்கையோடு பொருந்தி வாழ்தலே அறம் என்றனர்.

சீனோவுக்குப்பின் ஆசிரியபீடத்தில் அமர்ந்த கிளியாந்தே வறியவர். இரவில் தோட்டங்களுக்கு நீர் இறைத்துப் பகலிற் பாடங் கேட்டவர். பகல் முழுதும் நூலோடிருப்பவனுக்கு உணவு வரும் வழி யாது என்று நீதிமன்றத்தார் ஐயுற்று அழைத்தபொழுது, தமக்குக் கூலி கொடுத்த தோட்டக்காரனையும் மா விற்பவளையுமே சாட்சியாகக் கொணர்ந்தாராம். பிரத்தியேக வகுப்பு நடத்தத் தெரியாத ஆசிரியர்! அவர் இறைவனைப் போற்றிய துதியொன்று இன்றும் உளது. வானினும் நிலத்தினும் கடலினும் நிகழ்வன யாவும் இறைவனைச் சார்ந்தன. தீயோர் தம் பேதைமையாற் செய்வது மாத்திரம் அதற்குப் புறம்பு என அதில் வகுத்துரைத்தார். ஆணையை மீறுவோர் புகழையும் பொருளையும் இன்பத்தையுந் துரத்தி, நாடியதற்கு மாறானதையே அடைகின்றனர் என்பதும் அவர் கருத்து. மீறுதல் உள்ளத்தில் நிகழ்கின்றது. அதன் தண்டமும் அவ்வுள்ளத்திலேயே விளைகின்றது. ஊரழிக்க ஒரு கடல் வேண்டா.

இதனை வெளிப்படச் சொன்னவர் உரோமாபுரியிலிருந்த செனேக்கா. நீரோ மன்னனுக்கு ஆசானாயிருந்து, கி.பி. 65-இல் அவனாணையாலேயே உயிர்விட்டவர். அதற்குச் சில ஆண்டு முன்னர் கம்பானியா நாட்டிற் பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. பொம்பேயி நகர் இடிந்தது. 600 ஆடுகள் கொண்ட மந்தையொன்று மாண்டது. மக்கள் ஊரைவிட்டு ஓடினர். அதுபற்றி எழுதிய செனேக்கா, தேவர்கள் கோபத்தால் நிலம் நடுங்குவதில்லை, அதற்கு அதற்குரிய காரணங்கள் உள எனத் துணிந்துரைத்தார். நிலத்தின் உட்குகைகளில் அடைபட்ட காற்றே அதனை அசைக்கின்றது என்று அவர் கொண்டது பிழை. ஆயினும் என்ன? அச்சத்தைப் போக்குதற்கு எப்பிக்கூரர் உலக நடையினின்று தெய்வத்தையே அகற்றிவிட்டனர். இவரோ தெய்வத்தை அகற்றாமலே அச்சத்தை அகற்ற முயன்றார்.

இனி நம் வேதத்தை நோக்குவாம். நதிகள் ஓடுவதும் விடியல் புலர்வதும் ‘ருதம்’ என்னும் ஒழுங்கினால் என்று இருக்குவேதங் கூறும். வாய்மைக்கும் அதுவே பெயர். பொய் ‘அநிருதம்’ எனப்படும். அவ்வொழுங்கைக் காப்பவன் வருணன். ஏழாம் மண்டலத்தில் வசிட்டர் அவ்வருணனை நோக்கி, யான் செய்த பெரும்பிழை யாதென்று உருகி வினவுகின்றார். கவனிமின்: வினவுபவர் துன்புற்றவர், வினவப்படுபவன் இறைவன். இடையே நின்று விடை சொல்ல எவரும் அழைக்கப்படவில்லை.

வினைக்கொள்கையுடைய யாம் ஸ்தோயிக்கர் கூற்றை முற்றும் ஏற்றல் கூடுமோ எனின், கூடாது. அவர்க்கு இயற்கையே இறை. நமக்கோ மாயை சடம். இறைவன் அதனோடு பிரிவின்றி நிற்பினும் அதுவாகான். மழை, காற்று, இடி முதலியவற்றால் வருந் துன்பத்தை ஆதிதைவிகம் என்று வகுத்து, அதனையும் வினையின்பாற் படுத்தினர் நம்மோர். ஆகவே வினைக்கும் அப்பேரலைக்குந் தொடர்பே இல்லையென்று யாம் வாதிடப் புகுந்திலேம்.

ஆனால் சித்தாந்தம் இறைவன் உண்மையை நாட்டும் நியாயம் யாது? வினை சடமாதலின் தானே சென்று பொருந்தாது. உயிர் சிற்றறிவுடையதாதலின் தன் வினையைத் தான் அறிந்து நுகராது. ஆதலின் முற்றறிவுடையான் ஒருவன் அறிந்து ஊட்டுதல் வேண்டும் என்பதன்றோ! தன் வினைக்கணக்கையே அறியாத உயிர் பிறிதோருயிரின் கணக்கை எங்ஙனம் வாசிக்கும்? அம்முதியவர் குற்றம் இன்னதென்று சொன்னவர், தாம் எந்த நியாயத்தால் இறைவனை நிலைநாட்டுகின்றாரோ அந்த நியாயத்தையே வெட்டினார். இறைவனுக்கென்று வகுத்த ஆசனத்தில் தாமே ஏறியிருந்தார்.

காட்சியும் அவருக்குத் துணைசெய்யவில்லை. சுமாத்திராவின் மேற்கே கடலடி நிலம் பிளந்ததால் எழுந்த அவ்வலை, தெற்கே பெரலியாவிற் புகைவண்டியிற் சென்றோரையும் வாரிச்சென்றது. அவர்கள் எந்த வலையை வீசினார்கள்? பிரசங்கித்தவர் வீட்டில் மீன் சமைப்பதில்லை என்பது மெய். அவர் தெருவார் பலர் வீட்டில் நாடோறுஞ் சமைக்கப்படுகின்றது.

இறைவன் ஒறுப்பதும் பெற்றோர் மகவை அடிப்பது போலுங் கருணையே எனச் சிவஞானசித்தியார் கூறுதலை அவர் அன்று எடுத்துக்காட்டினார். அது துன்புறுவோன் தன் நெஞ்சிற்குத் தானே சொல்லித் தேறுதற்குரியது. அடிபட்ட பிள்ளைக்கு அயல்வீட்டார் வந்து அதனைச் சொல்லின் எவ்வாறிருக்கும்?

அம்முதியவர் அதன்பின் நெடுநாள் வாழ்ந்திலர். “எங்கட பாவந்தானோ?” என்று அவர் இறைவனை வினவியிருந்தால் அது வசிட்டர் வினா. எம்மை வினவினார். “எங்களுக்குத் தெரியாது ஐயா, அவருக்குந் தெரியாது” என்றாவது சொல்லியிருக்கலாம்.