ஏரிக்கரையின் சின்னச் செய்திகள்

பெரிய பத்திரிகைகளில் ஓர் ஏரி இரண்டு முறைதான் செய்தியாகும்: வறண்டால் ஒருமுறை, ஊருக்குள் புகுந்தால் ஒருமுறை. சென்னை இந்த இரண்டையும் நான்கே ஆண்டு இடைவெளியில் பார்த்துவிட்டது. 2015 டிசம்பரில் விடாமல் கொட்டிய மழையும் செம்பரம்பாக்கத்தில் திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்து நகரத்தை மூழ்கடித்தன. வேளச்சேரித் தெருக்களில் படகு ஓடியது. 2019 கோடையில் அதே செம்பரம்பாக்கம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது; ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்து இறங்கியது. இரண்டு காட்சிகளையும் உலகமே பார்த்தது. ஆனால் ஓர் ஏரி பிழைப்பதும் சாவதும் இந்த இரண்டு தலைப்புச் செய்திகளுக்கு நடுவே கிடக்கும் சாதாரண நாட்களில்தான். அந்த நாட்களை யார் எழுதி வைக்கிறார்கள்?

சென்னையில் அதற்கு ஒரு மரபு உண்டு. 1991இல் எஸ். முத்தையா ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ இதழைத் தொடங்கி, நகரத்தின் பழைய கட்டடங்களையும் மறந்துபோன மனிதர்களையும் பற்றி 2019இல் தாம் மறையும்வரை சலிக்காமல் எழுதினார். அதே தொண்ணூறுகளில் மயிலாப்பூர் டைம்ஸ், அடையார் டைம்ஸ், மாம்பலம் டைம்ஸ், அண்ணாநகர் டைம்ஸ் என்று பேட்டைக்கு ஒரு வாரப் பத்திரிகை வேர் பிடித்தது. ஆங்கிலத்தில் வந்தாலும் அவற்றின் உலகம் நம் தெருதான். காசு கிடையாது, விளம்பரத்தில் ஓடுபவை. வார இறுதியில் கேட்டில் செருகிவிட்டுப் போவார்கள்.

அப்படி ஒரு பத்திரிகையை நிதானமாகப் பிரித்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் பாதியில் நிற்கும் மழைநீர் வடிகால் வேலை. பக்கத்திலேயே கோயில் உற்சவ அறிவிப்பு. உள்ளே வீடு வாடகைக்கு, வீட்டுச் சாப்பாடு, வீணை வகுப்பு. ஓர் ஓரத்தில் வாசகர் கடிதம்: தெருமுனைக் கல்வெர்ட்டில் இளநீர் மட்டையும் கட்டடக் குப்பையும் அடைத்துக் கிடக்கின்றன, ஐப்பசி பிறப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். இந்தக் கடிதத்தைப் பெரிய பத்திரிகை போடாது. ஆனால் அந்தக் கல்வெர்ட் ஓர் ஏரியின் வரத்துக் கால்வாயாகவோ போக்குக் கால்வாயாகவோ இருந்தால், டிசம்பர் மாத வெள்ளத்தின் முதல் செய்தி அதுதான்.

எழுதப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தியாகராய நகரைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை அங்கே ஒரு நீண்ட ஏரி கிடந்தது. ஆங்கிலேயர் அதை ‘லாங் டேங்க்’ என்றார்கள். இன்றைய அண்ணா சாலையின் ஒரு பகுதி அதன் கீழைக் கரையை ஒட்டிப் போனது. 1920களில் நகரத்துக்கு வீட்டுமனை தேவைப்பட்டபோது மாம்பலம் பகுதி ஏரி வடிக்கப்பட்டு, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரில் நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் பக்கம் எஞ்சியிருந்த பகுதியும் பின்னால் தூர்ந்தது. 1976இல் எழுந்த வள்ளுவர் கோட்டம் நிற்பது அந்த ஏரி கிடந்த இடத்தில்தான். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. அதில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கடையும் வீடும்தான்.

தியாகராய நகர் உருவான கதை நமக்குக் கிடைக்கிறது. பனகல் பார்க் யார் பெயரில் அமைந்தது, பாண்டி பஜார் எந்தச் சௌந்தரபாண்டியனாரின் பெயரைத் தாங்குகிறது என்பதெல்லாம் தெரியும். ஆனால் அந்த ஏரித் தண்ணீரில் நெல் விளைவித்தவர்கள், மதகு திறந்தவர்கள், மீன் பிடித்தவர்கள், ஏரி வடிந்த அன்று என்ன பேசிக்கொண்டார்கள் என்பது நான் படித்த எதிலும் இல்லை. மனை போட்டவர்களின் வரலாறு எழுத்தில் நிற்கிறது. கரையில் வாழ்ந்தவர்களின் வரலாறு அவர்களோடு போய்விட்டது.

அந்த இழப்பு வெறும் நினைவு இழப்பு இல்லை. வேளச்சேரி ஏரி ஒரு காலத்தில் 265 ஏக்கர் பரந்திருந்ததாகச் சொல்வார்கள். இன்று எஞ்சியிருப்பது ஏறக்குறைய 55 ஏக்கர். ஒரே நாளில் யாரும் இருநூறு ஏக்கரை விழுங்கிவிடவில்லை. குடியிருப்புத் திட்டம் ஒரு துண்டு, சாலை ஒரு துண்டு, தனியார் ஒரு துண்டு என்று போயிற்று. ஒவ்வொரு துண்டும் போன நாளில் அது சின்னச் செய்தி. அந்தச் செய்திகளைக் கோத்து வைக்கும் கை இல்லாததால், மொத்தக் கணக்கு 2015இல் தண்ணீராகவே வந்து நின்றது.

ஏரிக்கரைச் செய்தியை எழுதி வைப்பது நமக்குப் புதிதல்ல. சென்னைக்குத் தெற்கே, காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதல் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் கோயில் சுவரில் இருக்கின்றன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறைக்காக அவற்றை எல்லோரும் அறிவோம். அவற்றிலுள்ள வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்ளவென்றே ஆண்டுக்கு ஒருமுறை ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி தேர்வுக்கு வரக் கூடாது என்று கல்லில் வெட்டினார்கள். அந்த ஊரின் பெரிய ஏரியில் தூர் எடுக்கக் கொடுத்த கொடைகளும் கல்லில் உண்டு. யார் பொறுப்பு, யார் கொடுத்தார், யார் கணக்குக் காட்டவில்லை: இன்றைய பேட்டைப் பத்திரிகை எழுதுவதும் இவற்றைத்தான். நாம் வரலாறு என்று போற்றும் அந்தச் சுவர், வெட்டப்பட்ட நாளில் உள்ளூர்ச் செய்தி.

அந்தச் சுவரை வணங்கும்போதே அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். அது பிராமண ஊர்ச்சபையின் சுவர். நிலமும் வீடும் கல்வியும் உள்ள ஆண்களே குடவோலைக்குத் தகுதி பெற்றார்கள். கூடையில் மண் சுமந்தவர்களுக்கு அதில் இடமில்லை. இன்றும் அந்தக் குறை நம்மைவிட்டுப் போகவில்லை. ஆக்கிரமிப்பு என்றவுடன் நம் கண் முதலில் போவது நீரோரக் குடிசைகள்மேல்தான். 2015க்குப் பிறகு ஆற்றோரங்களில் இருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெயர்க்கப்பட்டன. அவர்களில் பலருக்கு வீடு ஒதுக்கப்பட்ட பெரும்பாக்கம் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று தாழ்ந்த நிலத்துக்கே அனுப்பிவைத்தோம். அந்த மக்கள் தங்கள் பேட்டையின் செய்தியைத் தாங்களே எழுதும் நாள் வராமல், இந்த நகரத்தின் ஏரி வரலாறு முழுமை பெறாது.

ஆனாலும் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. சிட்லபாக்கத்தில் 2019 கோடையில் ஏரி வற்றிக் கிடந்தபோது, குடியிருப்பவர்களே வார விடுமுறையில் மண்வெட்டியோடு இறங்கிக் குப்பையை அள்ளினார்கள். அதைப் படமெடுத்து ஊருக்குச் சொன்னார்கள். அதன் பிறகு அரசின் சீரமைப்புத் திட்டம் வந்தது. கொரட்டூரில் மக்கள் இயக்கமாகச் சேர்ந்து, ஏரியில் கலக்கும் கழிவுநீருக்கு எதிராகப் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனார்கள். இரண்டு இடத்திலும் முதலில் நடந்தது ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏரியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். பேசியதைப் பதிந்து வைத்தார்கள். தேதியோடு, படத்தோடு, சர்வே எண்ணோடு.

இங்கேதான் எனக்கு ஒன்று தெளிவாகிறது. ஏரிக்குக் கரை மண்ணால் ஆனது என்று நினைக்கிறோம். மண்கரை தண்ணீரை மட்டும்தான் தடுக்கும். ஏரியை நோக்கி வரும் லாரியையும் பட்டாவையும் சாக்கடையையும் தடுக்க இன்னொரு கரை வேண்டும். கரையில் வாழ்பவர்கள் ஒருவருக்கொருவர் விடாமல் சொல்லிக்கொள்ளும் செய்திகளால் ஆன கரை அது. எங்கே அந்தப் பேச்சு அறுபடுகிறதோ அங்கே ஏரி ஆளில்லா நிலமாகிறது. ஆளில்லா நிலம் மனையாகிறது.

வரலாறு அரசர்களிடமும் ஆவணக் காப்பகங்களிடமும் இருப்பதாக எண்ணி நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். உத்திரமேரூர்க்காரர்கள் நமக்காக எழுதவில்லை. அடுத்த ஆண்டு யாரிடம் கணக்குக் கேட்பது என்பதற்காக எழுதினார்கள். அந்த அக்கறையின் கூர்மைதான் ஆயிரம் ஆண்டு நின்றது. ஆகவே கல்வெர்ட் அடைப்பைப் பற்றி இந்த வாரம் கடிதம் எழுதுபவர், உபரிநீர் வழியும் கலங்கலில் மண் கொட்டப்படுவதைப் படமெடுத்துத் தேதி குறிப்பவர், எண்பது வயதுப் பாட்டியிடம் மதகு எங்கே இருந்தது என்று கேட்டு எழுதி வைப்பவர் ஆகிய எல்லோரும் ஏரி வாரியப் பெருமக்களே. அவர்களை யாரும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. தன் ஊருக்கு நடப்பதைத் தானே எழுதி, அதற்குக் கணக்குக் கேட்கும் ஊரிடமிருந்து ஏரியைச் சத்தமில்லாமல் எடுத்துப்போக எவராலும் முடியாது.