மூன்று குறுணி நெல்

சிரம்பான் லோபாக்கில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஞாயிறு காலையில் பேத்தி தேவாரம் பாடிப் பழகும்போது, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தெருக்கோடியில் உறுமிச் சத்தம் கேட்டாலோ, தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிடுவார். ஒருநாள் காரணம் கேட்டேன். "தேவாரத்துல நாம சாமியக் கூப்பிடுறோம்ப்பா. உறுமியில சாமி நம்மளக் கூப்பிடுது" என்றார்.

உறுமியின் ஒரு முகத்தைக் குச்சியால் தட்டுவார்கள். மறுமுகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில் எழும் முனகல் காதோடு நிற்காது, அடிவயிற்றைப் போய்ப் பிசையும். அடி வேகமெடுக்க எடுக்க, கூட்டத்தில் ஒருவருக்கு உடம்பு நடுங்கும். "அருள் வந்துருச்சு, வழிவிடுங்க" என்பார்கள்.

படித்தவர்களில் சிலருக்கு இது பிடிப்பதில்லை. தேவாரம் ஞானமாம், உறுமியும் உடுக்கையும் வெறும் இரைச்சலாம். எனக்கு அது ஒப்பவில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு என்ன சொல்கிறது? திருப்பதியம், அதாவது தேவாரம், பாட ராசராச சோழன் நியமித்தவர்கள் 48 பேர். அவர்களோடு வாசிக்க இரண்டு பேர்: ஒருவருக்குக் கொட்டி மத்தளம், இன்னொருவருக்கு உடுக்கை. ஆக 50 பேர். கூலி? ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். பாடியவருக்கும் அதேதான், உடுக்கை அடித்தவருக்கும் அதேதான். கூலிக் கணக்குப் பார்த்தே வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதன் அருமை தெரியும்.

தத்துவமும் உடுக்கையின் பக்கம்தான் நிற்கிறது. சைவ சித்தாந்தம் எண்ணும் 36 தத்துவங்களில் உச்சியில் இருப்பது நாதம். நடராசர் கையில் இருக்கும் துடியிலிருந்தே படைப்பு தொடங்குகிறது என்கிறது 'உண்மை விளக்கம்' என்ற சித்தாந்த நூல். துடி என்றால் வேறென்ன, உடுக்கைதான். பாட்டி அந்த நூலைப் பார்த்ததுகூட இல்லை; ஆனால் உறுமியில் சாமி நம்மைக் கூப்பிடுகிறது என்று அவர் சொன்னதும் இதைத்தான்.

கோயில் நிர்வாகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டுத் திருவிழாவில் உறுமிக்காரப் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திக் கையில் பொட்டலம் கொடுத்து அனுப்பாதீர்கள். தேவாரம் பாடியவர்கள் உட்காரும் பந்தியிலேயே அவர்களுக்கும் இலை போடுங்கள்.