காக்கும் பணியும் நம் கடமையும்

சென்னை கே.கே. நகரில் சுபுஹுத் தொழுகை முடிந்து வீடு திரும்பும் வேளையில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. வெளிச்சம் பரவுமுன்னரே இளைஞர் சிலர் வியர்வை சொட்ட ஓடிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்ல, மற்றவர்கள் மூச்சிரைக்க ஓட்டத்தை விரைவுபடுத்துவார்கள். காவலர் தேர்வுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் அவர்கள். 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்துக்குள் கடக்க வேண்டும் என்பது ஆண்களுக்கான உடற்தேர்வு விதி.

அவர்களைச் சுட்டிக்காட்டி, உடன் நடந்துவந்த நண்பரிடம், "உங்கள் மகனையும் அனுப்பலாமே!" என்றோம். அவர் சிரித்தார். "நமக்கெதற்கு பாய் அந்த வேலை? இரவு பகல் கிடையாது. பெருநாளைக்கும் வீட்டில் இருக்க முடியாது. பெண் கொடுக்கவும் யோசிப்பார்கள். பாவமும் வந்து சேரும்" என்றார்.

நண்பர் கூறியவற்றுள் முதல் மூன்றும் வசதி பற்றியவை. நான்காவது மட்டும் மார்க்கம் பற்றியது. ஒரு பிள்ளையின் வாழ்க்கைப் பாதையை முடிவு செய்கையில் இந்த நான்கையும் எந்தத் தராசில் நிறுப்பது என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

கே.கே. நகரின் அமைப்பே இக்கேள்வியைச் சிந்திக்கத் தூண்டும். இங்கே காவல் நிலையம் உண்டு. தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு. விபத்தில் கை கால் இழந்தோர் செயற்கை உறுப்புப் பெற்று மீண்டும் நடக்கப் பழகும் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும் உண்டு. அடுத்துள்ள அசோக் நகரில் காவலர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. மனிதனுக்கு ஆபத்து வரும்போது யார் யார் வேண்டுமோ அவர்களெல்லாம் நடந்துபோகும் தொலைவில் இருக்கிறார்கள். ஆபத்து வந்தால் நாமும் அவர்களைத்தான் அழைக்கிறோம். ஆனால் அவர்களில் ஒருவராக நம் பிள்ளை இருக்க வேண்டும் என்று மட்டும் நினைப்பதில்லை!

ஜனாஸாத் தொழுகை பர்ளு கிபாயா என்று மதரஸாவில் ஓதிய நாள் முதல் அறிவோம். சிலர் நிறைவேற்றினால் எல்லார் மீதிருந்தும் கடமை நீங்கும். ஒருவரும் நிறைவேற்றாவிட்டால் ஊர் முழுவதும் குற்றத்துக்குள்ளாகும். இறந்தவரை அடக்கம் செய்வதே இத்தகைய கடமையானால், உயிருக்குப் போராடுகிறவரைக் காப்பது எத்தகைய கடமை? ஓர் உயிரை வாழவைத்தலை மனித இனம் முழுவதையும் வாழவைத்தலுக்கு நிகராக உயர்த்திய மார்க்கம் அன்றோ நம்முடையது!

1111ஆம் ஆண்டு மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யா உலூமித்தீனில் இதை விளக்கமாகவே பேசுகிறார்கள். வைத்தியமும் கணக்கும் மட்டுமின்றி, உழவும் நெசவும், இரத்தம் குத்தி எடுக்கும் எளிய தொழிலுங்கூட அவர்கள் பார்வையில் கிபாயாக் கடமைகளே. பல ஊர்களில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர்கூட இல்லாதபோது எல்லாரும் சட்டக் கல்வியையே நாடி ஓடுவதைக் கண்டு அவர்கள் மனம் வருந்தினார்கள். வைத்தியம் படித்தால் வக்பு நிர்வாகமும் நீதிபதிப் பதவியும் கிட்டமாட்டா. அதனால்தான் அதை நாடுவோர் இல்லை என்று காரணத்தையும் மறைக்காமல் எழுதினார்கள். இன்று நாம் நாடுவன வேறு. வளைகுடா வேலை, கணினி, சொந்தக் கடை. இவை யாவும் ஹலாலானவையே. ஆயினும் இமாமவர்களின் கேள்வி இன்னும் உயிரோடிருக்கிறது. எல்லாரும் ஒரே வாசலில் நெருக்கியடித்து நிற்கும்போது, ஆளில்லாத வாசலில் நிற்பது யார் பொறுப்பு?

நம் இளைஞர்களிடம் இரக்கமோ துணிவோ குறைந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. 2015 டிசம்பர் முதல் நாள் இரவு அடையாறு கரைபுரண்டு, ஜாபர்கான்பேட்டையிலும் கே.கே. நகர்ப் பகுதிகளிலும் வெள்ளம் புகுந்ததை யார் மறப்பர்? மீனவர்கள் தங்கள் படகுகளை நகருக்குள் கொண்டுவந்தார்கள். பள்ளிவாசல்கள் சமயம் பாராது இடமளித்தன. நம் பிள்ளைகள் நீரில் இறங்கி உணவு சுமந்தார்கள். வெள்ளம் வடிந்தபின் கோயில்களில் படிந்த சேற்றையும் கழுவினார்கள். 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொரோனாக் காலத்தில் உறவினரே நெருங்க அஞ்சிய உடல்களை, அவரவர் சமய முறைப்படி நல்லடக்கம் செய்தவர்களும் அவர்களே.

ஆனால் வெள்ளம் வடிந்தது, நோயும் தணிந்தது. அப்பிள்ளைகள் பழைய வேலைகளுக்குத் திரும்பிவிட்டார்கள். அந்த நாள்களில் தம்முள் விழித்தெழுந்த ஒன்றைத் தொழிலாகவும் கொள்ளலாம் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. இரக்கத்துக்குப் பயிற்சியும் வேண்டும். நீரோட்டத்தின் இழுப்பை அறியாமல் குதித்தவனைக் காப்பாற்ற இன்னொருவன் குதிக்க நேரிடும். கழுத்தெலும்பு முறிந்தவரை அவசரத்தில் அள்ளித் தூக்கினால் உதவியே ஊனமாகிவிடும். தமிழகத்தில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் ஊர்தியில் ஓட்டுநருடன் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் செல்வது இதனால்தான். வெள்ளம் இல்லாத நாளிலும் அவர் ஆயத்தமாக இருக்கிறார். ஒருநாள் தொண்டுக்கும் வாழ்நாள் பணிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அப்பணியின் விலையையும் மறைப்பதற்கில்லை. 2012 ஜனவரியில், ஆற்காடு நவாபின் சேப்பாக்கம் அரண்மனையைச் சேர்ந்த கலச மகால் தீப்பற்றியது. நவாபின் மாளிகையைக் காக்க உள்ளே புகுந்தவர்களில் தீயணைப்பு நிலைய அலுவலர் ஒருவர் உயிர் துறந்தார். கோட்ட அலுவலராக இருந்த பெண்மணி ஒருவர் கடுந் தீக்காயமுற்றார். குணமடைந்தபின் மீண்டும் அதே துறைக்குத் திரும்பினார். பெண்மக்களுக்கு இப்பணி ஏற்றதா என்று வினவுவோர் இந்நிகழ்ச்சியைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

இனி, நண்பரின் நான்காவது சொல்லுக்கு வருவோம். "பாவமும் வந்து சேரும்" என்றார் அவர். இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தீயணைப்போர் கையில் நீர்க்குழாய் இருக்கிறது. காவலர் கையிலோ அதிகாரம் இருக்கிறது. அதிகாரம் அமானத். அதில் மோசம் செய்தால் அது இரு உலகிலும் சுமையாகும். 2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில், காவலர்கள் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் உயிரிழந்த செய்தி நாட்டையே உலுக்கிற்று. அதைக் கேட்ட எந்தத் தாய் தன் மகனைக் காக்கியில் காண விரும்புவாள்?

ஆயினும் அந்நிகழ்ச்சிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம் அன்றிரவு தாம் கண்டதைச் சொன்னவர், அதே நிலையத்தில் பணியாற்றிய ஒரு பெண் தலைமைக் காவலர். உடன் பணிபுரிவோருக்கு எதிராக, அச்சத்தின் நடுவே, அவர் வாய் திறந்தார். அவரும் காக்கி அணிந்தவரே! "பாவம் வந்து சேரும்" என்று அவர் வீட்டார் தடுத்திருந்தால், அன்று உண்மையை உள்ளிருந்து சொல்ல யார் இருந்திருப்பார்? நல்லவர்கள் விலகிக்கொண்டால் பதவி வெறுமையாக நிற்காது. வேறொருவர் அதில் அமர்வார். அவர் செய்யும் அநீதிக்கு நம் விலகலும் ஓரளவு இடங்கொடுத்ததாகாதா?

காவல் பணியின் எல்லையை நம் வரலாறே காட்டுகிறது. கலீபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் தெருக்களில் இரவில் வலம் வருவார்கள். ஒருமுறை ஒரு வீட்டிலிருந்து எழுந்த ஓசை கேட்டுச் சுவரேறி உள்ளே சென்று, அங்கிருந்தவரைக் குற்றம் சாட்டினார்கள். அவரோ, தாம் செய்த பிழை ஒன்று, கலீபா செய்த பிழைகள் மூன்று என்றார். துருவி ஆராய்ந்தது, வாசல் வழியே வராதது, ஸலாம் கூறி அனுமதி பெறாதது. பேரரசின் தலைவர் அதை ஏற்றுக்கொண்டு திரும்பிச் சென்றார்கள். இந்த நிகழ்ச்சியை மனத்தில் பதித்த இளைஞன் சீருடை அணிந்தால், அவன் நிலையத்துக்குள் வரும் ஏழை அஞ்ச வேண்டியிராது. மேலதிகாரியின் ஆணை என்பது மறுமையில் விடையாகாது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

வாய்ப்புகளும் இல்லாமலில்லை. அரசுப் பணிகளில் முஸ்லிம்கள் பின்தங்கியிருப்பதை 2006இல் சச்சார் குழு எடுத்துக்காட்டியது. 2007இல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கியது. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் ஆகியோரை ஒரே பொதுத் தேர்வின் வழி எடுக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறியவர் எழுதலாம். பட்டம் பெற்றோர்க்கு உதவி ஆய்வாளர் தேர்வு உண்டு.

ஆனால் எல்லாப் பிள்ளையும் இப்பாதைக்கு உரியவனல்லன். அதை அறிவது எப்படி? சாலையில் விபத்து நேர்ந்தால் அவன் கால் முன்னே செல்கிறதா, பின்னே செல்கிறதா என்று பாருங்கள். கோபம் வந்தபோது அவன் கை எப்படி இருக்கிறது என்று அதைவிடக் கூர்ந்து பாருங்கள். வீட்டில் தம்பி தங்கையரிடம் கை ஓங்குகிறவன் கையில் லத்தியைக் கொடுப்பது அவனுக்கும் ஊருக்கும் செய்யும் தீங்கு. பிறர் குறையைக் கேட்டு வெளியே சொல்லாதிருக்கிறானா என்பதும் கவனிக்கத் தக்கது. இவை பொருந்தினால் முதலுதவி கற்கட்டும். ஊர்க்காவல் படையில் சேர்ந்து பார்க்கட்டும். தன்னை அறிய அதுவே போதும். பிறகு இரண்டு ரக்அத் இஸ்திகாரா தொழுது, நிய்யத்தைச் சீர்செய்துகொண்டு விண்ணப்பிக்கட்டும்.

நண்பரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். அவர் உடனே இணங்கிவிடவில்லை. "வீட்டில் கேட்டுப் பார்க்கிறேன்" என்றார். அது போதும். பெருநாளன்று மகன் வீட்டில் இல்லையே என்று ஒரு தாய் ஏங்குவாள். அவ்வேளை அவன் எங்கோ இன்னொரு தாயின் மகனைக் காத்துக்கொண்டிருப்பான். அந்த ஏக்கத்துக்கும் அல்லாஹ்விடத்தில் கூலி உண்டு என்று நாம் நம்புகிறோம்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளைக் காக்கும் கரங்களாக ஆக்குவானாக! கொடுமை செய்யும் கரங்களாக ஆகாமல் பாதுகாப்பானாக! ஆமீன்.