தேவையிலான் படைத்தது ஏன்?

அல்லாஹ் எவரிடத்தும் எதனிடத்தும் தேவையற்றவன் என்று இக்லாஸ் அத்தியாயத்தில் ஓதுகிறோம். ஜின்களும் மனிதர்களும் அவனை வணங்குவதற்கன்றிப் படைக்கப்படவில்லை என்னும் கருத்துடைய வசனத்தையும் (51:56) அதே நாவால் ஓதுகிறோம். வணக்கம் அவனுக்குத் தேவையில்லையெனில் வணங்குவோரை ஏன் படைத்தான்? மதரஸாவில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளே இதனைக் கேட்கிறார்கள். "அல்லாஹ் தனியாக இருந்தானா, ஹஜ்ரத்?" என்று கேட்ட சிறுவனும் உண்டு.

இத்தகைய பிள்ளையின் வாயை அடைப்பது ஆசிரியனுக்கு அழகன்று. வானவர்களே இவ்வினாவை எழுப்பியிருக்கிறார்கள். பூமியில் குழப்பம் விளைத்துக் குருதி சிந்தும் ஒருவனையா ஆக்கப்போகிறாய் என்று அவர்கள் வினவியதையும், அவர்கள் அறியாததைத் தான் அறிவதாக இறைவன் விடை பகர்ந்ததையும் பகரா அத்தியாயம் (2:30) கூறுகிறது. கேட்டதற்காக அவர்களை அவன் விரட்டவில்லை. அடுத்த வசனத்திலேயே ஆதமுக்குப் பெயர்களைக் கற்பிக்கும் பாடம் தொடங்கிவிடுகிறது.

நம் மக்களிடையே இவ்வினாவுக்கு வழங்கும் விடை, 'மறைந்த புதையல்' எனப்படும் கூற்றாகும். இறைவன் மறைந்திருந்த புதையலாக இருந்தான், அறியப்பட விரும்பிப் படைப்பை உண்டாக்கினான் என்பது அதன் சாரம். சூஃபியாக்களின் நூல்களில் அதற்குப் பெரியதோர் இடமுண்டு. ஆயினும் ஹதீஸ் கலைவாணர்கள் அதனை நபிமொழியாக ஏற்றிலர். அதற்கு அறிவிப்பாளர் தொடரே இல்லையென இப்னு தைமிய்யா கூறியதையும், ஸர்கஷீ, இப்னு ஹஜர் ஆகியோர் அதனை ஒப்பியதையும் ஹிஜ்ரி 902இல் மறைந்த இமாம் ஸகாவீ பதிவு செய்திருக்கிறார்கள். முல்லா அலீ அல்காரீ அவர்களோ கருத்து மட்டும் சரியானதே என்றார்கள். 'வணங்குவதற்காக' என்பதற்கு 'அறிவதற்காக' என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் பெயரால் வரும் விளக்கத்தை அதற்கு ஆதாரமாகக் காட்டினார்கள். சொல்லை நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள்மீது ஏற்றாமல் பொருளை மட்டும் கொள்வதே எனக்கு ஏற்புடையது.

அங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 'விரும்பினான்' என்று கேட்டவுடனே, தன்னை அறிவாரின்றி ஏங்கிக் கிடந்த ஒருவனை நம் மனம் வரைந்துகொள்கிறது. ஏக்கம் குறையின் அடையாளம். முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் அபூதர் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் ஹதீஸ் குத்ஸீ இந்த மயக்கத்தை அறுத்துவிடுகிறது. முன்னோரும் பின்னோரும், மனிதரும் ஜின்னும் ஒருசேர இறையச்சம் மிக்க ஒருவரின் உள்ளத்தைப் பெற்றாலும் அவனுடைய ஆட்சியில் ஒன்றும் கூடுவதில்லை. ஒருசேரத் தீயோராயினும் ஒன்றும் குறைவதில்லை. எனவே வணக்கம் என்பது நாம் அவனுக்குச் செலுத்தும் கப்பமன்று. அவனை அறிவதால் நிரம்புகிறவர்கள் நாமே. தேவையின்றிச் செய்தது வீண் விளையாட்டாகாதோ எனின், வானத்தையும் பூமியையும் விளையாட்டாகப் படைக்கவில்லை என 21:16 மறுத்துரைக்கிறது. இறைவனின் செயலுக்கு நோக்கம் உண்டென முஃதஸிலாக்களும், அவனைத் தூண்டும் நோக்கம் எதுவும் இல்லையென அஷ்அரிகளும் நெடுங்காலம் வாதிட்டனர். ஆனால் அவன் தன் குறையை நிரப்பப் படைத்தான் என்று இரு சாராருமே சொல்லவில்லை.

இனி, இரண்டாம் வினா. இறைவனுக்கு உணர்ச்சிகள் உண்டா? விருப்பு வெறுப்பு இல்லாதவன் எனக் கடவுளைப் பாடினார் வள்ளுவர். நம் வேதமோ, அல்லாஹ் நன்மை செய்வோரை நேசிக்கிறான், வரம்பு மீறுவோரை நேசிப்பதில்லை என்கிறது. அவனது கோபத்தையும் பேசுகிறது. பாலைவெளியில் உணவோடும் நீரோடும் ஒட்டகத்தை இழந்து, சாவை எதிர்நோக்கிக் கிடந்தவன் அதனைத் திரும்பக் கண்டபோது அடைந்த மகிழ்ச்சியினும், அடியான் பாவமீட்சி தேடும்போது அல்லாஹ் பெரிதும் மகிழ்கிறான் என்று நபியவர்கள் நவின்றார்கள்.

இச்சொற்களை எவ்வாறு கொள்வது? முற்கால நல்லோர் பலர், 'எவ்வாறு' என்று கேளாமல் வந்தபடியே ஏற்றனர். பிற்கால அஷ்அரி அறிஞர்கள், கோபமென்பது இதயத்துக் குருதி கொதிப்பது, அது இறைவனுக்குத் தகாது, ஆகவே அது தண்டிக்கும் நாட்டத்தையே குறிக்கும் என்றனர். ஹிஜ்ரி 728இல் மறைந்த இப்னு தைமிய்யா இதற்குக் கூரியதோர் எதிர்வினா தொடுத்தார். நாட்டமும் நம்மிடத்தில் பயன் நோக்கிய மனச்சாய்வுதானே? 'அது படைப்பின் நாட்டம்' என்று நீங்கள் விடை கூறுவீராயின், 'இது படைப்பின் கோபம்' என்று நானும் கூறுவேன் என்றார். இவர்களுள் ஒரு சாராரை வழிகேடர் என்று மேடையில் முழங்குவோர் நம் ஊர்களில் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. அவனைப் போன்று எதுவுமில்லை (42:11) என்னும் எல்லையை இரு சாராரும் தாண்டவில்லை.

இவ்விடத்தில் எனக்கு மிகத் துணை நின்றவர்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். அல்லாஹ்வின் திருநாமங்களை விளக்கும் 'அல்மக்ஸதுல் அஸ்னா' என்னும் நூலில், ரஹ்மான், ரஹீம் ஆகியவற்றுக்கு உரை கூறுமிடத்தில் ஒரு நுட்பத்தைத் தொடுகிறார்கள். இரங்கும் மனிதன் பிறர் துன்பம் கண்டு தானும் நோகிறான். அந்நோவே அவனை உதவத் தூண்டுகிறது. அங்ஙனமாயின் பிறர் துன்பத்தைத் தீர்க்கையில் அவன் தன் நோவையும் தீர்த்துக்கொள்கிறான் அல்லவா? அந்த அளவில் அவனது இரக்கத்தில் தன்னலம் கலந்துவிடுகிறது. நோகாமல் இரங்குபவன் ஒருவன் இருப்பானாயின் அவனது இரக்கமே முழுமையானது. அரபு இலக்கணத்தில் 'இன்ஃபிஆல்' என்று ஒரு சொல் உண்டு. பிறிதொன்றால் தாக்குண்டு மாறுதல் என்பது பொருள். அல்லாஹ்வின் அருளில் அந்தத் தாக்குண்ணல் இல்லை. அதனைக் கல்நெஞ்சம் என்று கருதுவோர், நம் இரக்கம் எவ்வளவு விரைவில் களைத்துப்போகிறது என்பதை எண்ணிப் பார்க்கட்டும். வாயிலில் மூன்றாவது முறை வந்து நிற்கும் ஏழையிடம் நம் முகம் எப்படி மாறுகிறது?

இது கிதாபு ஓதுவோருக்கு மட்டும் உரிய ஆராய்ச்சியன்று. மையித்து வீட்டில் நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை ஒன்றுண்டு. பிள்ளையை இழந்த தாயின் அருகே அமர்ந்து, "அல்லாஹ்வுக்கு உன்மேல் என்ன கோபமோ, அம்மா!" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். ஆறுதல் கூற வந்தவர்தாம். ஆனால் கோபம் மூண்டால் கையில் கிடைத்ததை உடைக்கும் மனிதனின் சாயலை அவர் இறைவன்மேல் போர்த்திவிடுகிறார். அத்தாய் அதன்பின் தொழுகை விரிப்பில் அஞ்சி அஞ்சி நிற்கிறாள். தான் செய்த குற்றம் யாதெனத் தேடித் தேடி வாடுகிறாள்.

பெருமானார் (ஸல்) அவர்களும் பிள்ளையை இழந்தவர்களே. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு (கி.பி. 632) அவர்களின் மகன் இப்ராஹீம் பால்குடிப் பருவத்தில் மறைந்தபோது, அக்கண்கள் நீர் சொரிந்தன. அதே நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. இப்ராஹீமின் மறைவுக்காகவே சூரியன் இருண்டது என்று மதீனாவில் மக்கள் பேசிக்கொண்டனர். நபியவர்கள் அப்பேச்சை அப்படியே விட்டுவிடவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் சான்றுகளுள் இரண்டு, எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று விளக்கி, அதனைக் காணும்போது தொழுமாறும் துஆச் செய்யுமாறும் பணித்தார்கள்.