ஐந்தாம் ஸ்தலமும் நம் அயல்வீடும்



அர்ச். அருளப்பர் சுவிசேஷத்தின் 9-ம் அதிகாரம் தபசுகாலத்தில் வாசிக்கப்படுவதுண்டு. பிறவிக் குருடன் பார்வை பெற்ற புதுமையை அறியாதவர் நம்மில் இல்லை. ஆனால் அவனுடைய தாய் தகப்பனை நினைத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பரிசேயர் விசாரித்தபோது, அவன் தங்கள் மகனென்றும் குருடனாகவே பிறந்தவனென்றும் ஒப்புக்கொண்டார்கள். மற்றதை அவனிடமே கேட்கும்படி சொல்லி ஒதுங்கிவிட்டார்கள். காரணம், ஜெபக்கூடத்தினின்று தள்ளிவிடுவார்கள் என்ற பயம். பிள்ளைக்குக் கண் திறந்த நாளிலும் பெற்றோருக்கு மனங்குளிர வாய்க்கவில்லை.

அந்தப் பயம் இன்றும் ஒழியவில்லை. மூளை வாதத்தால் நடக்க இயலாத பிள்ளையையோ, புத்தி வளர்ச்சி தாமதித்த பிள்ளையையோ, ஆட்டிசம் உள்ள பிள்ளையையோ வளர்க்கிற தாய் ஞாயிறு பூசைக்கு வருகிறாள். பிள்ளை சத்தமிடுகிறான். நாலு தலைகள் திரும்புகின்றன. அவள் எழுந்துபோய் மணிக்கூண்டடியில் நிற்கிறாள். அடுத்த ஞாயிறு வருவதில்லை. யாரும் அவளை வெளியே போகச் சொல்லவில்லைதான். ஆனால் திரும்பிய தலைகள் சொல்லிவிட்டன.

இப்பெற்றோர் சுமக்கும் முதற் பாரம் பழிச்சொல். அவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவத்தாலென்று சீஷர்கள் கேட்டபோது, அவன் பாவமுமல்ல, பெற்றோர் பாவமுமல்லவென்று ஆண்டவர் தீர்த்துச் சொன்னார். ஆயினும் கிரகணத்தில் வெளியே போனாள், பாட்டன் செய்த பாவம் பிடித்தது என்ற பேச்சு நம் வீடுகளில் ஓயக் காணோம். 1959-ம் ஆண்டில் ஜெரோம் லெஜூன் என்ற பிரெஞ்சு டாக்டரும் உடனுழைத்தவர்களும், டவுன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 46 குரோமோசோம்களுக்குப் பதிலாக 47 இருப்பதை வெளியிட்டார்கள். இதற்குத் தாயின் நடத்தை காரணமல்ல. மூளை வாதமோ, வளரும் மூளைக்குக் கருவிலோ, பிரசவத்திலோ, சிசுப்பருவத்திலோ நேரிட்ட சேதத்தால் வருவது. ஆகையால் மாமியார்மாரே, உறவினரே, ஆண்டவர் தள்ளிய வழக்கை நீங்கள் மறுபடி எடுக்க வேண்டாம்.

இரண்டாம் பாரம் மனச்சோர்வு. வருடக்கணக்காய் முழு இரவு தூங்காத தாயும், எனக்குப் பின் இவனுக்கு யார் என்று ஏங்கும் தகப்பனும் அழுவது அவிசுவாசமன்று. அர்ச். மாற்கு 9-ம் அதிகாரத்தில், வலிப்பால் வருந்திய மகனைக் கொண்டுவந்த தகப்பனைப் பாருங்கள். இது எவ்வளவு காலமாய் என்று ஆண்டவர் கேட்டு, அவன் சொல்லி முடிக்கக் காத்திருந்தார். அவனும் மகனுக்கு மாத்திரமல்ல, தங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இரக்கம் கேட்டான்; தன் விசுவாசம் குறைந்ததென்றும் கதறினான். ஆண்டவர் அவனைத் தள்ளவில்லை.

பெற்றோரே, சோர்வு பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய பாவமல்ல. வாரக்கணக்காய்த் தூக்கமும் பசியும் கெட்டு, வாழ்வே வெறுத்தால், காய்ச்சலுக்குப் போவதுபோல் டாக்டரிடம் போங்கள். 2022-ல் அரசாங்கம் தொடங்கிய 14416 என்ற தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. ஜெபமும் வைத்தியமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

மூன்றாவது, நம் கடமை. சிலுவைப் பாதையின் ஐந்தாம் ஸ்தலத்தில் சீமோன் ஆண்டவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை, தோள் கொடுத்தான். தேவசுதனே பிறர் தோளை ஏற்றுக்கொண்டாரென்றால், இப்பெற்றோர் உதவி பெறுவதில் வெட்கமென்ன? "சர்வேசுரன் உன்னைத் தெரிந்துகொண்டார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவது சுலபம். அதைவிட வாரத்தில் ஒரு மாலை இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளையோடு இருங்கள். எப்படி ஊட்டுவது, எப்படித் தூக்குவது என்று தாயிடமே கேட்டுப் பழகுங்கள். அவள் தூங்கட்டும், அல்லது கணவனோடு பூசைக்கு வரட்டும். கல்யாணத்துக்கு அழைக்கும்போது பிள்ளையையும் பெயர் சொல்லி அழையுங்கள். கூடப்பிறந்தவர்களைத் திருவிழாவுக்குக் கூட்டிப்போங்கள், அவர்களும் குழந்தைகளே.

படித்த வாலிபர்களே, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மனு எழுதிக்கொடுங்கள். மாவட்ட நல அலுவலகத்துக்குத் துணைபோங்கள். ஆட்டிசம், மூளை வாதம், புத்திக் குறைவு, பலவகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, 18 வயதுக்குப் பின் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழிசெய்கிறது. எனக்குப் பின் யார் என்ற ஏக்கத்துக்கு இது முழு மறுமொழியல்ல. ஆனாலும் ஒரு தொடக்கம்.

வருகிற ஞாயிறு முதல் பக்கவாசலையொட்டிய முன் பெஞ்சுகள் இரண்டும் இக்குடும்பங்களுக்கு விடப்படும். பிள்ளை சத்தமிட்டால் நான் பிரசங்கத்தை நிறுத்தமாட்டேன். நீங்களும் திரும்பிப் பாராதிருங்கள்.

வியாகுலமாதா தன் மகனின் சிலுவையை அகற்ற முடியாமல் அதனடியில் நின்றாள். ஆனால் அவள் தனியே நிற்கவில்லை. அருளப்பரும் பக்தியுள்ள பெண்களும் கூட நின்றார்கள். நம் பங்கிலும் எந்தத் தாயும் தனியே நில்லாதபடி அந்த அன்னை நமக்காக மன்றாடுவாளாக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு