பழைய காரில் பாதி விலை மிச்சம்

மும்பையின் மாஹிம் போன்ற கடலோரப் பேட்டையில் பழைய கார் வாங்கும் விவரமானவர் பானட்டை உடனே திறக்க மாட்டார். குனிந்து, கதவின் அடி விளிம்பில் விரலை ஓட்டுவார். தகடு பொலபொலவென்று உதிர்ந்தால் நடையைக் கட்டிவிடுவார். இன்ஜின் கோளாறைச் சரிசெய்துவிடலாம். உப்புக்காற்று தின்ற தகட்டுக்குச் செலவு ஓயாது.

இந்தச் சோதனையில் தேறிய சின்ன கார் ஒரு குடும்பத்துக்குப் பெரிய மிச்சம். இன்சூரன்ஸ் கணக்கைப் பாருங்கள்: புது வண்டியின் மதிப்பில் ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, நான்காண்டு தாண்டினால் 50 சதவீதம் கழிகிறது. அந்தப் பாதி, முதலில் வாங்கியவர் கையிலிருந்து போன பணம்.

எளிய வண்டி எவ்வளவு உழைக்கும் என்பதற்கு மும்பையே சாட்சி. குர்லா ஆலையில் உருவான பிரீமியர் பத்மினி, உற்பத்தி நின்று இருபது ஆண்டுக்கு மேலாகியும் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக ஓடியது. கடைசி பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது. டாக்ஸிக்கான 20 ஆண்டு வரம்பு முடிந்ததால்தான் 2023 அக்டோபரில் அது ஓய்வு பெற்றது.

சொந்த கார் 15 ஆண்டைக் கடந்தால் தகுதிச் சோதனை செய்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. விலை பேசும் முன் ஆர்.சி.யில் பதிவுத் தேதியைப் பார்த்துவிடுங்கள்.